விட்ட வீரரும் கொடுத்த ஓவரும்: ரசிகரின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்?

அணி தோற்ற இரவில் டீக்கடை முதல் வீட்டுத் திண்ணை வரை இரண்டு கேள்விகள் எழும். "அவனை ஏன் விட்டார்கள்?" என்பது ஒன்று. "அந்த ஓவரை ஏன் இவனிடம் கொடுத்தார்கள்?" என்பது மற்றொன்று. முதலாவது அணியைக் கட்டுகிறவர்களைப் பார்த்துக் கேட்பது. இரண்டாவது களத்தில் நிற்கும் கேப்டனைப் பார்த்துக் கேட்பது. அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இதையேதான் கேட்டுவருகிறார்கள்: வீரரை ஏன் கைமாற்றினார்கள், பந்தெறிபவரை ஏன் மாற்றினார்கள் அல்லது ஏன் மாற்றாமல் விட்டார்கள்?

திருக்குறளின் பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல், 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். ஆளைத் தேர்வது முன்னது. தேர்ந்த ஆளிடம் உரிய வேலையை ஒப்படைப்பது பின்னது. வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தாலும் தனித்தனி அதிகாரங்களாகத்தான் வைத்தார். ரசிகர்களின் விவாதமோ இரண்டையும் ஒரே தராசில் போடுகிறது. அந்தத் தராசு எவ்வளவு சரியானது? இதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களை, மைசூருவையும் கர்நாடகக் கிரிக்கெட்டையும் மையமாக வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

மைசூருவின் ஆறு ரன்கள்

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே, இன்றைய கர்நாடக அணியின் முன்னோடியான மைசூர் இருந்தது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை அணியிடம் 48, 59 என்று சுருண்டு, ஒரே நாளில் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகைய தோல்வியில் யாரையும் குறை சொல்ல இடமிருக்காது. விவாதம் சூடு பிடிப்பது நூலிழையில் தோற்கும்போதுதான்.

2010 ஜனவரியில் மைசூரு கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் நடந்த ரஞ்சி இறுதியாட்டம் அப்படிப்பட்டது. மும்பை முதலில் 233 ரன் எடுத்தது. கர்நாடகம் 130 ரன்னில் ஆட்டமிழந்தது. மும்பையின் இரண்டாவது இன்னிங்ஸில் முன்வரிசை சரிந்தபோது ஆட்டம் கர்நாடகத்தின் கைக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது. ஆனால் அடிப்படையில் பந்துவீச்சாளரான தவல் குல்கர்னி 87 ரன் சேர்த்தார். மும்பை 234 வரை போனது. வெற்றிக்கு 338 தேவை. மணீஷ் பாண்டே 144 ரன் விளாசினார். கர்நாடகம் 331 ரன்னில் முடிந்தது. ஆறு ரன்னில் கோப்பை போயிற்று.

இந்தத் தோல்வியை எந்தப் பக்கமிருந்தும் விளக்கலாம். கேப்டன் ராபின் உத்தப்பாவின் பந்துவீச்சு மாற்றங்கள் கீழ்வரிசையை வளரவிட்டன எனலாம். 130 ரன்னில் முடிந்த முதல் இன்னிங்ஸே காரணம் எனலாம். பாண்டே ஆட்டமிழந்த பிறகு நிதானம் போய்விட்டது எனலாம். நான்கு நாள் ஆட்டத்தில் ஆறு ரன்னை எந்த ஓவரிலும் கண்டுபிடிக்க முடியும். எந்த விளக்கமும் பொருந்தும் என்றால், எந்த விளக்கமும் தன் பொருத்தத்தை வைத்தே தன்னை நிரூபித்துக்கொள்ள முடியாது. இந்தக் கேள்வியில் உள்ள முதல் சிக்கல் இது.

முதல் நிலை: முடிவே சாட்சி

மிகப் பழையதும் மிகப் பரவலானதுமான பதில், வென்றால் சரி, தோற்றால் தவறு என்பது. 2007 டி20 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவைப்பட்டது. ஹர்பஜன் சிங்குக்கு ஓர் ஓவர் மிச்சமிருந்தது. ஆனால் மிஸ்பா உல் ஹக் அவரைச் சற்றுமுன்தான் சிக்ஸர்களாக அடித்திருந்தார். தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். முதல் பந்து வைடு. பிறகு மிஸ்பா ஒரு சிக்ஸரும் அடித்தார். அடுத்து அவர் தூக்கிய பந்து ஸ்ரீசாந்தின் கையில் விழ, அந்த முடிவு மேதைமை ஆனது. அதே பந்து சில அடி தள்ளி விழுந்திருந்தால்?

பெங்களூரு ரசிகர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 2016 ஐபிஎல் இறுதியில் ஹைதராபாத் ஆடியபோது 20ஆவது ஓவர் அனுபவசாலியான ஷேன் வாட்சனுக்குப் போனது. அந்த ஓவரில் 24 ரன் கசிந்தது. பெங்களூரு 8 ரன்னில் தோற்றது. கொடுத்த ஆள் அனுபவசாலி, கொடுத்த காரணமும் விளங்கக்கூடியது. விளைவு மட்டும் கைவிட்டது.

பேஸ்பாலில் இந்த நிலையின் பலவீனம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. 2003 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் மேலாளர் கிரேடி லிட்டில், களைத்துப்போன பெட்ரோ மார்ட்டினெஸை எட்டாவது இன்னிங்ஸிலும் எறியவிட்டார், அணி தோற்றது, அவர் பதவியும் போனது. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே மேலாளர் கெவின் கேஷ், 73 பந்துகளே எறிந்து அருமையாக ஆடிக்கொண்டிருந்த பிளேக் ஸ்னெல்லை ஆறாவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்தார், அணி தோற்றது, பழி அவர் தலையில் விழுந்தது. ஒருவர் எடுக்காததற்கு ஏச்சு வாங்கினார், மற்றவர் எடுத்ததற்கு வாங்கினார்.

விளைவைப் பார்த்து முடிவின் தரத்தை அளக்கும் இந்தச் சாய்வை உளவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1988இல் ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் வெளியிட்ட ஆய்வின்படி, முடிவெடுத்தவரிடம் இருந்த தகவல் ஒன்றே ஆனாலும், விளைவு கெட்டால் மக்கள் அவருடைய சிந்தனையையும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் முடிவே சாட்சி என்ற நிலையை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. ஒரே கேப்டனின் நூறு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் விளைவுகள் ஏதோ சொல்லத்தான் செய்யும். ஓர் இரவின் விளைவுக்குத்தான் அந்தப் பலம் இல்லை.

இரண்டாம் நிலை: களத்தில் நிற்பவருக்கே தெரியும்

இதற்கு எதிர்முனையில் இருப்பது கேப்டனின் உள்ளுணர்வைப் போற்றும் நிலை. பந்து கையிலிருந்து எப்படி வெளிவருகிறது, மட்டையாளர் கால் எங்கே போகிறது, பனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் தொலைக்காட்சியில் தெரியாது என்பார்கள். இவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1993 ஹீரோ கோப்பை அரையிறுதி. ஈடன் கார்டன்ஸில் கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் தேவை. இந்திய அணியில் கபில் தேவ் இருந்தார். மைசூருவின் ஜவகல் ஸ்ரீநாத்தும் இருந்தார். அதுவரை ஒரு பந்துகூட வீசாத சச்சின் டெண்டுல்கருக்கு ஓவர் போனது. அவர் 3 ரன் மட்டுமே கொடுத்தார். இந்தியா 2 ரன்னில் வென்றது.

ஆனால் உள்ளுணர்வு வென்ற கதைகள்தான் நினைவில் தங்கும், தோற்றவை மறந்துபோகும். 2003 உலகக் கோப்பை இறுதியில் ஜோகன்னஸ்பர்க்கில் டாஸ் வென்ற சௌரவ் கங்குலி ஆஸ்திரேலியாவை ஆடவிட்டார். ஆடுகளத்தில் காலை ஈரம் உதவும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அதே தொடரில் செஞ்சூரியனில் இதே எதிரணியிடம் முதலில் ஆடி 125 ரன்னில் சுருண்ட அனுபவமும் இருந்தது. அனில் கும்ப்ளே வெளியே உட்கார்ந்தார். ஸ்ரீநாத் 10 ஓவர்களில் 87 ரன் கொடுத்தார். ஆஸ்திரேலியா 359 ரன் குவித்தது. களத்தில் நிற்பவருக்குத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் தெரிந்ததைச் சரியாக எடைபோட்டாரா என்பதை அந்த வாதமே சொல்லிவிடாது.

மூன்றாம் நிலை: கணக்கு சொல்லட்டும்

1970களின் இறுதியில் பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் ரசிகர் தானே தொகுத்த புள்ளிவிவரங்களை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். அவர் எந்த அணியிலும் ஆடியவரோ நிர்வகித்தவரோ இல்லை. அவரிடமிருந்து கிளைத்த சிந்தனை 2002இல் ஓக்லண்ட் அணியின் ஆள்சேர்ப்பு முறையாக வெளிப்பட்டது. 2003இல் மைக்கேல் லூயிஸ் எழுதிய 'மணிபால்' அதை உலகமறியச் செய்தது. ரசிகரின் விமர்சனம் நிர்வாகத்தையே மாற்றிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இந்தியாவிலும் சென்னையைச் சேர்ந்த பிரசன்னா அகோரம், ஏ.ஆர். ஸ்ரீகாந்த் போன்ற பகுப்பாய்வாளர்கள் ஐபிஎல் அணிகளின் உள்வட்டத்தில் இடம்பிடித்துவிட்டனர்.

கணக்குத் தரப்பின் முக்கியமான வாதங்களுள் ஒன்று, சிறந்த பந்துவீச்சாளரைக் கடைசிக்கென்று பூட்டிவைக்காதே என்பது. 2016 அக்டோபரில் பால்டிமோர் மேலாளர் பக் ஷோவால்டர், தம்முடைய மிகச் சிறந்த பந்தெறிபவரான சாக் பிரிட்டனை முன்னிலை கிடைத்தபின் இறக்கலாம் என்று வைத்திருந்தார். டொரன்டோவுடனான ஆட்டம் 11ஆவது இன்னிங்ஸில் தோல்வியில் முடிந்தது; பிரிட்டன் ஒரு பந்துகூட எறியவில்லை. 2024 டி20 உலகக் கோப்பை இறுதியில் ரோகித் சர்மா இதற்கு நேர்மாறாக நடந்தார். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை என்றிருந்தபோது பும்ராவை 16ஆவது ஓவருக்கே அழைத்தார். 18ஆவது ஓவரோடு அவர் பங்கு முடிந்தது. கடைசி ஓவரில் 16 ரன்னைக் காக்கும் பொறுப்பு ஹர்திக் பாண்டியாவிடம் வந்தது. இந்தியா 7 ரன்னில் வென்றது. ஆட்டம் கைநழுவும் தருணமே உண்மையான கடைசி ஓவர் என்ற கணக்கு அங்கே செல்லுபடியானது.

இந்த நிலைக்கும் ஓட்டைகள் உண்டு. கேஷ் 2020இல் செய்ததும் கணக்குப்படிதான்: ஒரே மட்டையாளர் வரிசையை மூன்றாம் முறை சந்திக்கும் பந்தெறிபவர் பலவீனப்படுகிறார் என்பது புள்ளிவிவரம் காட்டும் போக்கு. ஆனால் சராசரி என்பது பலரைப் பற்றியது. அன்றைய ஸ்னெல் ஒருவர். கிரிக்கெட்டில் ஒரு குறிப்பிட்ட பந்துவீச்சாளர் ஒரு குறிப்பிட்ட மட்டையாளருக்கு வீசியவை பெரும்பாலும் சில டஜன் பந்துகளே. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் வாய்ப்பையும் திறமையையும் பிரித்தறிவது கடினம். மேலும் பேஸ்பாலில் வெளியேறிய பந்தெறிபவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது. கிரிக்கெட்டில் ஓவர் மிச்சமிருந்தால் மீண்டும் அழைக்கலாம். ஒன்றின் பாடத்தை மற்றதற்கு அப்படியே பொருத்த இயலாது.

விட்ட வீரர்கள்: கணக்கு எப்போது முடியும்?

பந்தைக் கொடுக்கும் முடிவின் விளைவு ஆறு பந்தில் தெரியும். வீரரை விடும் முடிவுக்கு ஆண்டுகள் ஆகலாம். 1919 டிசம்பரில் பாஸ்டன் அணி பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. 1918இல் கோப்பை வென்றிருந்த பாஸ்டனுக்கு அடுத்த கோப்பை 2004இல்தான் கிடைத்தது. 86 ஆண்டு வறட்சியையும் ஒரே விற்பனையின் சாபமாகச் சொல்வது கதையாக நன்றாக இருக்கும், காரணமாக நிற்காது.

பெங்களூரு ரசிகர்களின் ரூத் என்று யுஸ்வேந்திர சாஹலைச் சொல்லலாம். அந்த அணிக்காக 139 விக்கெட் எடுத்தவரை 2022 ஏலத்துக்கு முன் விட்டார்கள். ராஜஸ்தான் 6.5 கோடிக்கு வாங்கியது. அந்தப் பருவத்திலேயே 27 விக்கெட்டுடன், அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பியை அவர் வென்றார். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அவருடைய இடத்துக்கு 10.75 கோடியில் வந்த வனிந்து ஹசரங்கா அதே பருவத்தில் 26 விக்கெட் எடுத்தார் என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. முதல் ஆண்டில் இழப்பு ஒரே ஒரு விக்கெட். ஹசரங்காவை 2024 பருவத்துக்கு முன்பே அணி விட்டுவிட்டது. சாஹல் தொடர்ந்து விக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே 2022இல் கேட்டால் ஒரு பதில், 2024இல் கேட்டால் இன்னொரு பதில். 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பெங்களூரு முதல் கோப்பையை வென்றபோது எதிரணியான பஞ்சாபில் சாஹல் இருந்தார். வெற்றி வித்தியாசம் ஆறு ரன். முந்தைய ஏலத்தில் முகமது சிராஜை விட்டு, ஹேசல்வுட்டையும் புவனேஷ்வர் குமாரையும் வாங்கிய அதே நிர்வாகம்தான் அந்தக் கோப்பையையும் கட்டியது.

மைசூருவுக்கு இன்னும் நெருக்கமானது கருண் நாயரின் கதை. 2016இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 ரன் எடுத்தவர், பிறகு கர்நாடக அணியிலும் இடமிழந்தார். 2023இல் விதர்பாவுக்குப் போனார். கர்நாடகத்தின் டி20 தொடரான மகாராஜா கோப்பையில் 2024இல் மைசூர் வாரியர்ஸுக்குத் தலைமை தாங்கிப் பட்டம் வென்றார். அடுத்துவந்த விஜய் ஹசாரே தொடரில் விதர்பாவுக்காக 779 ரன்; ரஞ்சி இறுதியில் கேரளத்துக்கு எதிராக 86, 135; கோப்பை விதர்பாவுக்கு. 2025இல் இந்திய டெஸ்ட் அணிக்கும் திரும்பினார்.

கர்நாடகம் தவறு செய்தது என்று இத்தோடு முடித்துவிடத் தோன்றும். ஆனால் அதே விஜய் ஹசாரே தொடரின் இறுதியில் விதர்பாவை வீழ்த்தியது கர்நாடகம்தான். அந்த ஆட்டத்தில் சதமடித்தவர் இளைஞர் ஆர். ஸ்மரண். மூத்தவரை வைத்துக்கொண்டிருந்தால் இளையவருக்கு இடம் கிடைத்திருக்குமா? விடப்படாமல் இருந்திருந்தால் கருணுக்கு அந்த வேகம் வந்திருக்குமா? இரண்டுக்கும் விடை சொல்ல, நடக்காத ஒரு வரலாறு நமக்குத் தேவை. 2025-26 பருவத்துக்குக் கருண் கர்நாடகத்துக்கே திரும்பினார்.

நான்காம் நிலை: விதியைப் பார்

அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுவரும் பார்வை, தனிமனிதரை விட்டு விதிகளைப் பார்க்கச் சொல்கிறது. ஐபிஎல்லில் பெரிய ஏலத்துக்கு முன் சிலரை மட்டுமே தக்கவைக்க முடியும். 2025 பருவத்துக்கு ஓர் அணியின் மொத்தப் பணப்பை 120 கோடி. ஒருவரை வைத்துக்கொள்வது என்றால் இன்னொருவரை விடுவது என்றே பொருள். "இவரை ஏன் விட்டாய்" என்ற கேள்வி "இவருக்காக யாரை விட்டிருக்க வேண்டும்" என்பதோடு சேர்ந்தால்தான் முழுமை பெறும். இந்தத் தரப்பின் வலு இங்கேதான் இருக்கிறது. எல்லாப் பழியையும் விதியின் மேல் போட்டு, ஒரே விதிக்குள் ஓர் அணி நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் தேர்வதை விளக்காமல் விடுவது அதன் பலவீனம்.

விதியைப் பேசும்போது வீரரின் குரலும் வருகிறது. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி தம்மைக் கைமாற்றியதை ஏற்க மறுத்து கர்ட் ஃப்ளட் நீதிமன்றம் போனார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஐபிஎல்லில் பருவங்களுக்கு இடையே நடக்கும் கைமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும். அந்த வழக்கத்தின் தொடக்கத்திலேயே, 2009இல், உத்தப்பா மும்பையிலிருந்து பெங்களூருவுக்கும் ஜாகீர் கான் பெங்களூருவிலிருந்து மும்பைக்கும் மாறினார்கள். மாநில அணிகளிலோ ஏலம் கிடையாது. ஆட்சேபம் இல்லை என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீரரே வேறு மாநிலம் போக வேண்டும். கர்நாடகத்துக்கு இரண்டு ரஞ்சிக் கோப்பைகள் வென்றுதந்த வினய் குமார் புதுச்சேரிக்குப் போனதும் இப்படித்தான். இங்கே "விட்டார்களா, போனாரா" என்பதே பல நேரம் தெளிவில்லை.

வெற்றி மறைத்த கேள்வி

மேற்சொன்ன நிலைகள் எல்லாம் திணறும் ஒரு நிகழ்வு மைசூருவின் மைந்தரிடமே இருக்கிறது. ஸ்ரீநாத் 1991இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடினார். இந்திய மண்ணில் அவருடைய முதல் டெஸ்ட் 1994 நவம்பரில்தான், மும்பையில். இடைப்பட்ட காலத்தில் உள்நாட்டு டெஸ்ட்டுகளில் கும்ப்ளே, ராஜு, சௌகான் என்ற சுழல் கூட்டணியும் கபில் தேவும் முன்னிறுத்தப்பட்டனர். அந்த டெஸ்ட்டுகள் ஏழையும் இந்தியா வென்றது.

முடிவே சாட்சி என்றால் இங்கே எந்தத் தவறும் இல்லை. களத்தில் நிற்பவருக்கே தெரியும் என்றாலும் இல்லை. ஆனாலும் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் இருபதுகளின் முற்பாதி உள்ளூரில் வெளியே உட்கார்ந்தே கழிந்தது. பின்னர் அவர் 67 டெஸ்ட்டுகளில் 236 விக்கெட் எடுத்தார். அந்த மூன்றாண்டுகள் அவரிடமிருந்து எதைப் பறித்தன, அல்லது தேய்மானத்திலிருந்து எதைக் காத்தன என்பதை எந்த அட்டவணையும் காட்டாது. தோல்வியில் மட்டுமே கேள்வி கேட்கும் பழக்கத்தின் குறை இதில் வெளிப்படுகிறது. வெற்றிகளுக்கு அடியிலும் விவாதிக்க வேண்டிய தேர்வுகள் புதைந்திருக்கலாம்.

மதிப்பீடு

நான்கு நிலைகளில் எதுவும் தனியாகப் போதாது. பந்தைக் கொடுக்கும் முடிவில் ரசிகரின் கை பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கிறது: கேப்டனிடம் இருந்த தகவல் அவரிடம் இல்லை, கேப்டனிடம் இல்லாத விளைவு அவரிடம் இருக்கிறது. வீரரை விடும் முடிவில் நிலைமை அவ்வளவு ஏற்றத்தாழ்வானதல்ல. ஆண்டுக்கணக்கில் உள்ளூர் ஆட்டங்களைப் பார்த்த ரசிகருக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள இடைவெளி அங்கே குறைவு. ஒரு ரசிகரின் குறிப்பேடுகளே பேஸ்பாலின் ஆள்சேர்ப்பை மாற்றத் தொடங்கின என்பது இதற்கு ஆதரவான சான்று.

இரண்டு இடத்திலும் விமர்சனத்தின் எடையைக் கூட்டுபவை மூன்று. விளைவு தெரிவதற்கு முன்பே அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். மாற்று ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த மாற்றுக்கான விலையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் இல்லாதது வருத்தம். வருந்துவதற்கு ரசிகருக்கு முழு உரிமை உண்டு, ஆனால் வருத்தம் தீர்ப்பாகாது.

திறந்தே இருப்பவை சில. சிறிய எண்ணிக்கையிலான பந்துகளிலிருந்து எவ்வளவு முடிவு செய்யலாம் என்பதில் கணக்குத் தரப்பிலேயே ஒருமித்த கருத்து இல்லை. விடப்பட்ட வீரரின் பிந்தைய வெற்றிக்கு, விடப்பட்டதே எவ்வளவு காரணம் என்பதை அளக்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாநிலத் தேர்வுக்குழுக்கள் பெயர்ப்பட்டியலை வெளியிடுகின்றன. காரணங்களைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. காரணம் தெரியாத இடத்தில் முடிவின் தரத்தை எடைபோட முடியாது; விளைவை மட்டுமே எடைபோட முடியும். ரசிகர் விளைவை வைத்தே பேசுகிறார் என்று குறைசொல்லும் நிர்வாகங்கள், அதைத் தவிர வேறெதையும் அவரிடம் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.